பாதி மிதி

இருபத்தோரு வருஷம்
இவனுக்கு ஒரே வேலை:
கிளட்ச்.

இவன் என்று சொல்வது என் இடது காலை.

துறைமுகத்துப் பெட்டி இழுக்கும் டிரெய்லரில்
எர்ணாவூர் வரிசையில் நின்ற ராத்திரிகளில்
ஒரு வண்டி நீளம் நகர
ஒரு மிதி, ஒரு விடு.
விடிவதற்குள் முந்நூறு இருக்கும்.
ஜக்கையா எண்ணிச் சொன்னான்,
தூக்கம் வராத ஒரு நாளில்.

மிதிப்பது இவனுக்குப் பெரிய விஷயமில்லை.
தரையைத் தொடும்வரை ஒரே அமுக்கு.
வித்தை எல்லாம் விடுவதில்தான்.
நாற்பது டன் இரும்பு
மேம்பாலத்து ஏற்றத்தில் பின்னால் சரியாமல்
நூல் நூலாக விடுவான்.
பொறுமையை அங்கேதான் வைத்திருந்தான்,
மேலே ஏறும் பாதியில்.
இறங்கும் பாதியில் அவனிடம் ஒன்றும் இல்லை.

வலது முட்டி போனது மீஞ்சூர் பக்கம்.
ஓட்டும்போதுகூட இல்லை, இறங்கும்போது.
கல்லில் வைத்ததாக நினைத்த கால்
கல்லில் இல்லை. அவ்வளவுதான்.
ஸ்டான்லியில் தகடு வைத்தார்கள்.
மடக்கலாம், நீட்டலாம்.
பெடலுக்குப் பெடல் தூக்கி மாற்றினால்தான்
உள்ளே யாரோ திருகாணி முறுக்குகிறார்கள்.

இப்போது கியர் இல்லாத கார்.
கம்பெனிக்கு நைட் டிரிப்.
அம்பத்தூரில் ஏற்றி
வீடு வீடாக இறக்கி விடுவது.
இரண்டே பெடல்.
வலது அதன் இடத்தில் கிடக்கட்டும்,
பிரேக்கை நீ பார்த்துக்கொள் என்றேன் இவனிடம்.

முதல் நாள், மூலக்கடை சிக்னல்.
மஞ்சள் விழுந்தது.
மிதித்தான்,
பழைய பழக்கத்தில், அடி வரைக்கும்.
முன்கண்ணாடி மூக்கு வரை வந்து போனது.
பின்சீட்டில் தூங்கிய மோனிஷா
என் தலைசாய்வில் நெற்றியை மோதிக்கொண்டு
"இன்னாண்ணா, நாயா?" என்றாள்.
"ஆமாம்மா, நாய்."
ரோட்டில் நாயே இல்லை.
அந்த வாரம் முழுக்க
மாதவரம் முதல் தண்டையார்பேட்டை வரை
இல்லாத நாய்கள் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தன.

பிலோமினா சொன்னாள்:
"வேணாம்யா. ரெண்டு காலும் சேந்து மிதிச்சா இன்னா பண்ணுவ?
ஒர்த்தன் போங்கறான், ஒர்த்தன் நில்லுங்கறான்,
நடுவுல வண்டி இன்னாத்துக்கு ஆவும்?"
என்னிடம் பதில் இல்லை.
காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவள்.
எந்த விலையில் நிற்கணும் என்று அவளுக்குத் தெரியும்.

டூட்டி முடிந்த விடியலில் எண்ணூர்க் கடலோரச் சாலை.
லாரிகள் உதிர்த்த கரித்தூசு,
கல் தடுப்புக்கு அப்பால் அலை.
இடது செருப்பைக் கழற்றினேன்.
வெறுங்காலில் ரப்பரின் கோடுகள் தெரிந்தன.
மிதி. குலுங்கல்.
மிதி. குலுங்கல்.
குதிகாலை ஊன்றி விரலால் மட்டும் என்றதும்
கோபித்துக்கொண்டு நரம்பு இழுத்துக்கொண்டான்.
இறங்கி, பானெட்டைப் பிடித்து உதறினேன்.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்,
"வண்டி ரிப்பேரா?"
"இல்ல, காலு."
பேசாமல் ஒரு பீடியை நீட்டினார்.

அது பாதி எரிந்தபோது தோன்றியது:
விடுகிற மாதிரியே மிதியேன்.
நீ ஏறுகிற வழிதானே, அதிலேயே இறங்கு.
புரிந்ததா தெரியாது.
மறுபடியும் குலுங்கியது,
ஆனால் கொஞ்சம் வெட்கத்தோடு.

நேற்று ராத்திரி கொருக்குப்பேட்டை கேட்.
சிவப்பு தூரத்திலேயே தெரிந்தது.
பின்னால் மோனிஷா, வாய் திறந்த தூக்கம்,
மடியில் டிபன் பாக்ஸ்.
நான் இவனிடம் எதுவும் சொல்லவில்லை.
எங்கே தொடங்கினான் தெரியாது.
முன்னால் நின்ற மீன்பாடி வண்டியின் சக்கரம்
மெல்ல மெல்லப் பெரிதாகி
பிறகு, பெரிதாகவில்லை.
டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன்கூட வாய் திறக்கவில்லை.

டேங்கர் ரயில் போனது.
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
எதிர்த் தடத்தில் ஒரு இன்ஜின் ஊத
அவள் விழித்தாள்.
"எப்பண்ணா நின்னோம்?"
"இப்பத்தாம்மா."
"நாய் எதுவும் வர்ல?"
"வர்ல."

கேட் தூக்கினார்கள்.
இவனை எடுக்கச் சொன்னேன்.
விடுவதற்கு
இவனுக்குச் சொல்லியா தரணும்.